பிள்ளையை நோயாளியாக்கும் பெற்றோர்: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பிள்ளைக்கு இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லியோ, தானே அதை வரவழைத்தோ மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோர் இருக்கிறார்கள். நம் வீடுகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. குடும்பச் சேவைத் துறையில் வேலை செய்பவள் என்ற முறையில், சுற்றத்தார், ஆசிரியர்கள், சில சமயம் அந்தப் பெற்றோரே என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் எழுதுவது அதற்கு மாற்று இல்லை.

இது என்ன பிரச்சினை? நோய் யாருக்கு, அம்மாவுக்கா பிள்ளைக்கா?

நோய் கண்டறியப்படுவது பெரியவருக்கு. பிள்ளைக்கு நடப்பது துன்புறுத்தல். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. "பாவம், அவளுக்கே மனசு சரியில்லை" என்று சொல்லிப் பிள்ளையை மறந்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் "ராட்சசி" என்று திட்டி, அவளுக்குச் சிகிச்சை தேவை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1951இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், தனக்கே நோய் இருப்பதாக நடித்து மருத்துவமனை மருத்துவமனையாகச் சுற்றுபவர்களைப் பற்றி எழுதி, அதற்கு முன்சௌசன் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார். 1977இல் குழந்தை மருத்துவர் ராய் மெடோ, அதையே தங்கள் பிள்ளைமேல் செய்த இரண்டு தாய்மார்களைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். ஒரு பெண் பிள்ளையின் சிறுநீர் மாதிரியில் அவளுடைய அம்மாவே கலப்படம் செய்துவந்தார், இன்னொரு குழந்தை உடலில் உப்பு ஏறி இறந்தே போனது. 2013இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டில் இதற்கு 'பிறர்மீது சுமத்தப்படும் பொய்நோய்க் கோளாறு' என்ற பொருளில் பெயர் மாறியது. குழந்தை மருத்துவர்கள் பலர் இப்போது நேராக 'மருத்துவ வழியிலான சிறார் துன்புறுத்தல்' என்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

பெற்ற தாய் இப்படிச் செய்வாளா?

செய்கிறார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவ இதழ்களில் பதிவான 796 பேரைத் தொகுத்துப் பார்த்தது. கிட்டத்தட்ட 98 விழுக்காட்டினர் பெண்கள், 95 விழுக்காட்டுக்கும் மேல் அந்தப் பிள்ளையின் சொந்த அம்மா. அப்பாவோ பாட்டியோ செய்வதும் உண்டு, ஆனால் குறைவு.

தாய் என்றால் தெய்வம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம், அதனால் இந்த எண்ணிக்கை நமக்கு வலிக்கும். வலிக்கட்டும். "அம்மா அப்படிச் செய்ய மாட்டாள்" என்று டாக்டரும் தாதியும் மாமாவும் அத்தையும் சேர்ந்து நம்புகிற ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளை இன்னொரு ஊசி வாங்குகிறது.

எப்படியெல்லாம் நடக்கிறது?

மிக அதிகமாக நடப்பது வெறும் பேச்சு. நடக்காத வலிப்பு நடந்தது என்பார்கள், ராத்திரி மூச்சு நின்றுபோனது என்பார்கள், வாரம் முழுக்க வாந்தி என்பார்கள். சிறு பிள்ளை விஷயத்தில் டாக்டருக்குப் பெற்றோர் வாய்ச்சொல்தான் முக்கால்வாசி ஆதாரம், அதை நம்பாமல் குழந்தை வைத்தியமே பார்க்க முடியாது. அடுத்தது ரத்தம், சிறுநீர், காய்ச்சல் அட்டவணை இவற்றில் கை வைப்பது. அதற்கும் மேலே போனால், மருந்து கொடுத்தோ மூச்சை அடைத்தோ பட்டினி போட்டோ நிஜமாகவே நோயை உண்டாக்குவது.

வெறும் பேச்சுதானே என்று முதல் வகையை லேசாக நினைக்க வேண்டாம். அந்தப் பேச்சை நம்பித்தான் ஸ்கேன், மயக்க மருந்து, மூக்கு வழியே உணவுக்குழாய், தேவையில்லாத அறுவைச் சிகிச்சை எல்லாம் வருகின்றன. அம்மா பிள்ளையை ஒரு அடி கூட அடித்திருக்க மாட்டாள். காயமெல்லாம் நல்லெண்ணம் உள்ள டாக்டர்களின் கையால் ஏற்பட்டிருக்கும்.

ஏன் செய்கிறார்கள்? பணத்துக்காகவா?

பணமோ சலுகையோ மட்டுமே நோக்கம் என்றால் அது வேறு கணக்கு, வெறும் மோசடி. இந்தக் கோளாறில் அப்படி வெளிப்படையான ஆதாயம் எதுவும் இல்லாவிட்டாலும் ஏமாற்று தொடரும். கவனிப்பு, பரிவு, "எவ்வளவு பொறுமையான தாய்" என்கிற பேர், டாக்டர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேசுகிற இடம், இப்படி ஏதோ ஒன்று அவர்களுக்குத் தேவைப்படுகிறது. சிறு வயதில் தாங்களே துன்புறுத்தப்பட்டவர்கள் இவர்களில் நிறைய. முன்பு தங்கள் உடம்பை வைத்தே இப்படிப் பொய்நோய் காட்டியவர்களும் உண்டு. நான் சொன்ன 2017 ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேர் மருத்துவம் சார்ந்த வேலையில் இருந்தவர்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து, நீண்டகால வருகை அனுமதியில் வீவக அடுக்குமாடி வீட்டில் நாலு சுவருக்குள் இருக்கிற பெண், கணவர் ராத்திரி பத்து மணிக்கு வருகிறார், பேச ஆளில்லை. வார்டில் தாதி "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதுதான் அன்றைக்கு அவளிடம் யாராவது பேசிய ஒரே பேச்சாக இருக்கலாம். இப்படித் தனிமையில் இருக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களில் யாரும் பிள்ளையை நோயாளியாக்குவதில்லை என்றே சொல்லலாம், அதனால் தனிமைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனிமையிலேயே விட்டுவைத்தால் எந்தக் கோளாறும் முற்றும்.

அடிக்கடி டாக்டரிடம் ஓடும் அம்மாக்கள் எல்லாரையும் சந்தேகப்பட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். சிறார் பராமரிப்பு நிலையத்துக்குப் போக ஆரம்பித்த பிள்ளைக்கு வருஷத்தில் ஆறேழு தடவை சளி பிடிப்பது சாதாரணம், முதல் பிள்ளை என்றால் ஒவ்வொன்றுக்கும் பாலிகிளினிக் ஓடுவதும் சாதாரணம். பயந்த அம்மா வேறு, இது வேறு. பயந்த அம்மாவிடம் "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்றால் முகம் மலரும், கொஞ்ச நாளில் மறுபடி பயம் வந்தாலும் அந்த நிமிஷம் நிம்மதிப் பெருமூச்சு விடுவாள். பிள்ளைக்கு ஊசி குறைந்தால் சந்தோஷப்படுவாள். இந்தக் கோளாறில் நல்ல செய்தி வந்தால்தான் கோபம் வருகிறது, "அப்படியானால் இன்னொரு டெஸ்ட் எடுங்கள், டாக்டரை மாற்றுங்கள்" என்பதே பதிலாக வருகிறது.

இதையும் ஒரு விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிய நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் "நார்மல்" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துத்தான் டாக்டரை மாற்றுகிறார்கள். இரண்டாவது கருத்து கேட்க சென்னைக்கோ வேலூருக்கோ ஃபைலைத் தூக்கிக்கொண்டு போவது குற்றமில்லை.

அப்படியானால் எதைப் பார்த்துத்தான் சந்தேகப்படுவது?

தனியாக ஒரு அறிகுறி எதையும் நிரூபிக்காது. பல மாதங்களாக ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, சொல்லப்படும் நோயும் கண்ணால் பார்க்கும் பிள்ளையும் பொருந்துகின்றனவா என்பது. வாரம் மூன்று தடவை வலிப்பு என்கிறார்கள், ஆனால் அந்த வலிப்பை ஆசிரியரோ பாட்டியோ அப்பாவோ ஒரு தரம் கூடப் பார்த்ததில்லை. நோயைச் சொல்லும் அந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் நோய் வருகிறது, அவர் ஊருக்குப் போன இரண்டு வாரம் பிள்ளை ஓடி விளையாடுகிறது, சாதாரணமாகச் சாப்பிடுகிறது. வழக்கமாகக் கேட்கும் மருந்து இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏனோ கேட்பதில்லை. ஒரு கிளினிக்கில் சொன்ன வரலாறு இன்னொரு கிளினிக்கில் மாறுகிறது. பழைய டாக்டரோடு புது டாக்டர் பேசுவதற்குச் சம்மதம் தருவதில்லை. மூத்த பிள்ளைக்கும் விளங்காத நோய் இருந்தது, அல்லது மூத்த பிள்ளை காரணம் தெரியாமல் இறந்திருக்கிறது என்றால் அதையும் கவனத்தில் கொள்ள வேண்டும், ஆனால் அதுவும் தனியாக எதையும் நிரூபிக்காது.

இன்னொன்று, பிள்ளை பேசுகிற விதம். ஏழு வயசுப் பிள்ளை தன் நோயைப் பற்றி அம்மாவின் வார்த்தைகளிலேயே சொல்லும், ஒவ்வொரு வரிக்கும் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கும்.

என் மருமகள் மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பேரன் எப்போதும் நோயாளியாகவே இருக்கிறான். நான் என்ன செய்வது?

அம்மா, முதலில் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பேரன் பிறப்பதற்கு முன்பும் அந்தப் பெண் செய்த எல்லாமே உங்களுக்குத் தப்பாகத்தான் பட்டதா? இதைக் குத்தலாகக் கேட்கவில்லை. மாமியார் மருமகள் மனக்கசப்பிலும் விவாகரத்து வழக்குகளிலும் இந்தக் குற்றச்சாட்டு ஆயுதமாகப் பயன்படுவது உண்டு, அப்படிப் பயன்பட்டால் நிஜமாகத் துன்பப்படும் பிள்ளையைப் பற்றி நாளைக்கு யார் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

அதையும் தாண்டிச் சந்தேகம் நிற்கிறது என்றால், நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதி வையுங்கள். "அவள் ஏதோ கொடுக்கிறாள்" என்று எழுதாதீர்கள். "செவ்வாய்க்கிழமை காலை பிள்ளை இரண்டு இட்லி சாப்பிட்டான், வாந்தி எடுக்கவில்லை, நான் மாலை வரை கூடவே இருந்தேன், மறுநாள் டாக்டரிடம் நேற்று முழுக்க வாந்தி என்று சொன்னதைக் கேட்டேன்" என்று எழுதுங்கள். தேதி, நேரம், கூட இருந்தவர் யார், எல்லாம் வேண்டும். இப்படிப்பட்ட நாலைந்து குறிப்புகள் ஒரு சமூக சேவகர் கையில் கிடைத்தால், "எனக்கு மனசுக்குப் படுது" என்று நூறு தடவை சொல்வதைவிட எவ்வளவோ மேல். உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை கூடப் போடாதீர்கள்.

நேரடியாக அவளிடமே கேட்டுவிட்டால் என்ன?

கேட்காதீர்கள். சந்தேகம் வெளியே தெரிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு மருத்துவமனைக்கு, ஏன் வேறு நாட்டுக்கே போய்விடலாம், ஜொகூர் பாரு பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். "நிஜமாகவே நோய்" என்று காட்டுவதற்காகத் தீங்கு கூடுவதும் நடக்கும். அதனால்தான் மருத்துவமனைக் குழுக்களும், பிள்ளையின் பாதுகாப்பை உறுதி செய்த பிறகே பெற்றோரிடம் பேச வேண்டும் என்ற முறையைப் பின்பற்றுகின்றன.

நான் பாலர் பள்ளி ஆசிரியர். என் வேலைக்கு ஆபத்து வருமா?

உங்கள் நிலையத் தலைவரிடம் சொல்லுங்கள், நிலையத்தின் சிறார் பாதுகாப்பு நடைமுறை என்ன என்று கேளுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவர்களுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. உங்களிடம் இருப்பது தங்கம் மாதிரியான தகவல், ஏனென்றால் அம்மா இல்லாத ஆறேழு மணி நேரம் பிள்ளை எப்படி இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வருகைப் பதிவு, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) நகல்கள், என்ன சாப்பிட்டது, எப்படி விளையாடியது என்பதைச் சரியாக வைத்திருங்கள். வீட்டிலிருந்து மருந்து கொடுத்தனுப்பி ஊட்டச் சொன்னால் மருந்துச்சீட்டு இல்லாமல் ஊட்டாதீர்கள்.

சிங்கப்பூரில் யாரிடம் சொல்வது?

பிள்ளை உயிருக்கு இப்போதே ஆபத்து என்றால் போலீசுக்கு 999 அல்லது ஆம்புலன்சுக்கு 995. அந்த அவசரம் இல்லையென்றால் வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000, நாள் முழுக்க இயங்குகிறது. பிள்ளை வார்டில் இருந்தால் அங்கேயே மருத்துவச் சமூக சேவகரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள். ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம், தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள குடும்பச் சேவை நிலையத்துக்கும் போகலாம். வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண்ணும் இதே எண்ணுக்கு அழைக்கலாம், பல வீடுகளில் எல்லாவற்றையும் பார்ப்பது அவர்தான்.

கடுமையான வழக்குகளைச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் பாதுகாப்புச் சேவைப் பிரிவு கையாளும். சிறுவர், இளையர் சட்டம் 2020 ஜூலை முதல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரையும் பாதுகாக்கிறது, அதற்கு முன்பு 16 வயதுக்குக் கீழ் மட்டும்தான். பிள்ளையைக் கொடுமைப்படுத்தியதாகத் தீர்ப்பானால் 8 ஆண்டு வரை சிறை, 8,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம், பிள்ளை இறந்துவிட்டால் தண்டனை இன்னும் அதிகம்.

நிரூபித்துக்கொண்டு வர வேண்டியது உங்கள் பொறுப்பு இல்லை. அதை விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

டாக்டர்கள் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

பொறுமையாக, பழைய ஃபைல் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி. எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார், எதை மருத்துவ ஊழியர் தன் கண்ணால் பார்த்தார், எது பெற்றோர் சொன்னது மட்டும் என்று பிரித்து எழுதுவார்கள். பல சமயம் அந்தப் பட்டியலே கதையைச் சொல்லிவிடும். ரத்தப் பரிசோதனைகளும் உதவும். உதாரணமாக, உடம்பே சுரந்த இன்சுலினா வெளியே இருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியும். அதற்கடுத்து, பிள்ளையை வார்டில் வைத்து, பெற்றோர் கை படாமல், சாப்பாடும் மருந்தும் தாதிகளே கொடுத்துப் பார்ப்பது. நோய் தானாகவே மறைந்தால் அது பெரிய தடயம்.

பிரிட்டனில் டேவிட் சவுத்தால் என்ற மருத்துவரின் குழு, சந்தேகத்துக்குரிய 39 பிள்ளைகளின் மருத்துவமனை அறைகளில் மறைவாக வீடியோ வைத்து, 33 பேர் விஷயத்தில் துன்புறுத்தலைப் பதிவு செய்தது. 1997இல் வெளியான அந்த ஆய்வு பெரிய சர்ச்சையும் ஆனது, பெற்றோருக்குத் தெரியாமல் படம் எடுக்கலாமா என்று. எனக்கு அதில் இன்னொன்றும் உறுத்துகிறது, பதிவு ஓடுகிற நேரத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

நேரம்தான் இதில் மிகக் கொடூரம். 2003இல் 451 வழக்குகளை ஆராய்ந்த ஓர் ஆய்வில், அறிகுறி தொடங்கி உண்மை தெரிய வரும்வரை சராசரியாக ஏறக்குறைய 22 மாதங்கள் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளைகளில் 6 விழுக்காட்டினர் இறந்துபோயிருந்தார்கள்.

டாக்டர்களே தப்பாகப் பழி போட்டால்?

அதுவும் நடந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன, 1999இல் அவரே கொன்றார் என்று தீர்ப்பானது. மேலே சொன்ன அதே ராய் மெடோ, சாலியின் குடும்பம் போன்ற ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் காரணம் தெரியாமல் திடீரென இறக்க 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று சாட்சி சொன்னார். ஒரே குடும்பத்தில் இரண்டு மரணங்களுக்கும் பொதுவான காரணம் இருக்கலாம் என்பதையே அந்தக் கணக்கு விட்டுவிட்டது. குழந்தைகளில் ஒருவருக்குக் கிருமித்தொற்று இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவும் பிறகுதான் வெளியே வந்தது. 2003இல் விடுதலையான சாலி 2007இல் இறந்தார்.

அதனால்தான் ஒரே நிபுணர் சொல்லை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வேன். உங்கள் மீதே இப்படிச் சந்தேகம் வந்தால் கோபத்தில் பிள்ளையை டிஸ்சார்ஜ் செய்துகொண்டு போகாதீர்கள், அது உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். எல்லா டாக்டர்களின் பதிவுகளையும் பெறச் சம்மதம் கொடுங்கள், சுயேச்சையான இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்டு வாங்குங்கள், வழக்கறிஞரைப் பாருங்கள்.

நான்தான் அந்த அம்மா. மகளுக்கு வராத காய்ச்சலை வந்தது என்று சொல்லியிருக்கிறேன். இப்போது நிறுத்த முடியவில்லை.

இதை எழுதியதற்கே உங்களை மதிக்கிறேன், தங்கச்சி. இந்தக் கோளாறு உள்ளவர்களில் ஒப்புக்கொள்பவர்கள் மிகக் குறைவு. ஒப்புக்கொண்டவர்களுக்கு நீண்டகால மனநலச் சிகிச்சை கொடுத்து, கண்காணிப்போடு பிள்ளையிடம் திரும்பச் சேர்த்து வைத்த குடும்பங்களும் உண்டு.

இன்றைக்கே செய்ய வேண்டியது: பிள்ளையின் மருந்து, சாப்பாடு, டாக்டர் சந்திப்பு மூன்றையும் கணவரோ அம்மாவோ, நீங்கள் நம்பும் வேறு ஒருவர் கையில் கொடுங்கள். மனநலக் கழகத்தின் 6389 2222 அல்லது தேசிய மனநல உதவி எண்ணான மைண்ட்லைன் 1771, இரண்டும் எந்நேரமும் இருக்கும். பிள்ளையின் டாக்டரிடம் எது நிஜம், எது இல்லை என்று சொல்லுங்கள், ஏனென்றால் நீங்கள் சொன்னதை நம்பி அவர் அடுத்த மருந்தை எழுதிக்கொண்டிருப்பார். பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன், அதிகாரிகள் வருவார்கள், கொஞ்ச காலம் பிள்ளை வேறு இடத்தில் இருக்க நேரலாம். அப்படியிருந்தும் சொல்லிவிடுங்கள்.

நான் அப்பா. எனக்கு எதுவுமே தெரியாமல் போனது எப்படி?

"பிள்ளை விஷயமெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள்" என்று நம் வீடுகளில் ஒப்படைத்துவிடுகிறோமே, அப்படித்தான். இப்போது முக்கியமானது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது. "என் மனைவி அப்படிப்பட்டவள் இல்லை" என்று வாதாடிக்கொண்டே இருந்தால் பிள்ளையை உங்களிடம் விடுவதும் கஷ்டமாகிவிடும். ஆதாரத்தைப் பாருங்கள், அடுத்த சந்திப்புக்கு நீங்களே பிள்ளையை அழைத்துப் போங்கள்.

பிள்ளைக்கு அப்புறம் என்ன நடக்கும்? கூடப் பிறந்தவர்கள்?

பாதுகாப்பு தேவை என்று இளையர் நீதிமன்றம் முடிவு செய்தால் பிள்ளை உறவினர் வீட்டிலோ வளர்ப்புக் குடும்பத்திலோ இருக்கலாம். முடிந்தவரை சொந்தங்களிடமே விடப் பார்ப்பார்கள், அதனால் பாட்டியோ சித்தியோ "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று முன்வருவது பெரிய உதவி, ஆனால் அம்மா தனியாக வந்து பார்க்க விட மாட்டோம் என்ற உறுதி அவர்களிடம் இருக்க வேண்டும். கூடப் பிறந்தவர்களையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும், ஒரு பிள்ளையை எடுத்துவிட்டால் கவனம் அடுத்த பிள்ளை மேல் திரும்பலாம்.

உடம்பு சீக்கிரம் தேறும், பல பிள்ளைகள் சில வாரங்களிலேயே எடை போடும். மனசுக்குத்தான் நாள் ஆகும். நடக்க முடியும் என்று தெரிந்தும் சக்கர நாற்காலியைக் கேட்கும் பிள்ளை பொய் சொல்லவில்லை, தனக்கு நோய் என்று நிஜமாகவே நம்புகிறது. நோயாளியாக இருந்தால்தான் அம்மாவின் அன்பு கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. அதட்டாமல், சாதாரணமாகச் சாப்பிட்டு விளையாடுகிற நாளிலும் கொஞ்ச வேண்டும்.

எனக்கு 26 வயது. சின்ன வயதில் எனக்கு நடந்தது இதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் மருத்துவப் பதிவுகளை நீங்களே கேட்டு வாங்கலாம். மருத்துவமனைகளின் மருத்துவப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள், பழையவை எல்லாம் கிடைக்காமலும் போகலாம். அப்புறம் உங்களை முன்பு பார்த்திராத ஒரு டாக்டரிடம் போய், "இவை சிறு வயதில் எனக்கு இருப்பதாகச் சொன்ன நோய்கள், எது நிஜம் என்று புதிதாகப் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் வலிப்பும் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் அது இன்றைக்கும் உங்கள் காப்புறுதியை, நீங்கள் சாப்பிடும் மருந்தைப் பாதிக்கும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், சில நிஜமாகவே தேவைப்படலாம்.

அம்மாவிடம் கேட்க வேண்டுமா என்பதை மனநல ஆலோசகர் ஒருவரோடு பேசிய பிறகு முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் "உன்னைக் காப்பாற்றியதே நான்தான்" என்ற பதில்தான் வரும், அதைக் கேட்கத் தாங்கும் நாளில் கேளுங்கள், கேட்காமலே இருந்தாலும் தப்பில்லை. உங்கள் வீட்டில் இப்போது அக்கா பிள்ளையோ தம்பி பிள்ளையோ அதே அம்மாவின் பொறுப்பில் வளர்கிறது என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள், மேலே கொடுத்த 1800-777-0000 எண்ணுக்கு இன்றே அழையுங்கள்.